மொட்டைமேட்டு மின்பாதை

விழாத மின்சார லைன் ஒன்று போட்டுத் தரச் சொன்னார்கள். கடையில் அரைக் கிலோ பருப்புக் கேட்பது மாதிரிதான் கேட்டார்கள். பொறியியலாளர் கஜந்தினி சரியென்று தலையாட்டிவிட்டு வந்து, தன் மேசையில் வெகுநேரம் சும்மா இருந்தாள். இரத்தினபுரியிலும் கேகாலையிலுமாக அவள் வேலைக்கு வந்த பிறகு எத்தனை வெள்ளம், எத்தனை மண்சரிவு என்று எண்ணுவதையே விட்டுவிட்டாள். ஒவ்வொரு மழைக்கும் கம்பி தாங்கும் போஸ்ட் விழும். விழுந்த இடத்திலேயே மறுபடி நடுவார்கள். அடுத்த மழைக்கு அது இன்னும் கொஞ்சம் கீழே கிடக்கும். ஊர் உலகம் எல்லாம் இவளைத்தான் திட்டும்.

தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள அந்த ரப்பர் தோட்டத்து லைன்தான் இப்படி விழுவதில் முதலிடம். ரோட்டோரச் சரிவில் போன லைன் அது. கடைசியாக வந்த புயலில் சரிவோடு சரிவாக லைனும் போய், தோட்டத்துத் தொழிற்சாலையும் கடைகள் இருந்த பசாரும் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதற்குப் பிறகுதான் மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது.

களைப்போடு தொடங்கினாலும் கஜந்தினி வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். சரிவை விட்டு லைனை மேலே எடுத்தாள். தோட்டத்தின் முதுகில் மொட்டைமேடு என்று ஒரு நீளமான மேடு இருந்தது. அடியில் கருங்கல், மேலே ஒரு முழம் மண். ரப்பர் வராது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே கைவிட்ட இடம். அங்கே துளை போட்டுப் பார்க்கச் செய்தாள். மண் பரிசோதித்தவர்கள் இந்த மேடு எந்த மழைக்கும் அசையாது என்று எழுதிக் கொடுத்தார்கள். கிளை விழுந்தாலும் மின்சாரம் அறாதபடி உறை போட்ட கம்பி, நெருக்கமாகப் போஸ்ட், ஓரிடத்தில் பழுது வந்தால் அந்தத் துண்டை மட்டும் அலுவலகத்தில் இருந்தே துண்டிக்கிற சுவிட்ச் என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள். பல வருசத்துக்குப் பிறகு தான் செய்த ஒரு வேலை அவளுக்கே பிடித்திருந்தது.

போஸ்ட் வரும் இடங்களில் சிவப்பு மை பூசிய முளைகளை அடித்துவிட்டு வந்தார்கள். அடித்தது ரிப்கானின் ஆட்கள். ரிப்கான் அவளோடு வேலை செய்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர், மாவனல்லைக்காரர், எதற்கும் பதறாத மனிதர். கொஞ்ச நாள் கழித்து இருவரும் மேட்டுக்குப் போனபோது அவரே திகைத்துப்போனார். மேடு முழுக்கப் புல் செருக்கிச் சுத்தமாகக் கிடந்தது. ஒவ்வொரு முளைக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். தேங்காய் உடைத்த தடம் இருந்தது. இரண்டு முளைக்கு நடுவே ஒருவர் வாழைக்கன்றுகூட வைத்துவிட்டார்.

அந்தச் சனத்தின் பக்கம் நின்று பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தோட்டத்துச் சனம் வீடு கட்டத் தருவதாகச் சொன்ன ஏழு பேர்ச் துண்டுக் காணிக்காகக் காத்துக் கிடக்கிற சனம். ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது வந்து எங்காவது முளை அடித்துவிட்டுப் போவார்கள், பேப்பரில் படம் வரும், முளை உக்கிப் போகும். அவர்கள் அறிந்த வரையில் முளை என்றால் வீட்டுக் காணி, வேறு எதுவும் இல்லை. அதிலும் இந்தப் புயலுக்குப் பிறகு அவர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. இந்த இடம் அபாயமானது, வெளியேறவும் என்று. எங்கே வெளியேறுவது என்று அதில் போடவில்லை. அந்த வேளையில் மேட்டில் முளை கண்டால் மனிதர் வேறு என்ன நினைப்பார்கள்? முளை அடித்த பையன்களிடம் சிங்களத்தில் விசாரித்திருக்கிறார்கள். அரசாங்கத்து அளவை என்று பதில் வந்திருக்கிறது. போதாதா? கோயிலில் திருவுளச்சீட்டுப் போட்டு, லயத்தில் இருந்த குடும்பமெல்லாம் முளைக்கு முளை இடம் பிரித்துக்கொண்டுவிட்டது.

தான் சொல்லிவிடுவதாக ரிப்கான் முன்வந்தார். கஜந்தினி வேண்டாம் என்றாள். கோயிலடியில் எல்லோரையும் கூட்டி, தன்னுடைய யாழ்ப்பாணத் தமிழில், மரியாதையாகச் சொன்னாள். அவர்களும் மரியாதையாகக் கேட்டார்கள். விளங்கவில்லை. காணி உறுதி எப்போது கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். அவள் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் விளங்கியது. அந்தக் கூட்டத்தில் இருந்து இலட்சுமி என்ற பெண்தான் வாய் திறந்தாள். ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலைக்காரி, நாற்பது வயதிருக்கும், மேட்டின் கிழக்கு ஓரம் அவள் பங்குக்கு விழுந்திருந்தது.

"அப்ப இதெல்லாம் போஸ்ட்டுக்காங்க மிஸ்?"

"ஓம்."

"சரியாத எடமுன்னு பாத்துத்தான் வச்சிருக்கீங்க?"

"ஓம். கீழ முழுக்கக் கல்லு. சரியாது."

"இந்தத் தோட்டத்துல சரியாத எடமே இல்ல, அதனாலதான் வீடு கட்டித் தர முடியலன்னு தொர எங்ககிட்ட சொன்னாருங்க."

கம்பத்துக்குப் பாதுகாப்பான இடம் தேடிக் கல்லைத் துளைத்துப் பார்த்தவர்கள், மனிதருக்காக ஒருநாள்கூட அந்தத் துளையைப் போடவில்லை என்பது அப்போதுதான் கஜந்தினிக்கு உறைத்தது. தான் வரைந்த கோடு அந்தத் தோட்டத்தில் இருந்த ஒரே நல்ல நிலத்தின் நடுமுதுகில் போகிறது என்பதும்.

சும்மா இருந்துவிடவில்லை. லைனை மேட்டின் ஓரத்துக்குத் தள்ளினால் நடுவில் வீடு கட்ட இடம் மிஞ்சும். அதற்கு ஓரத்து ரப்பர் மரங்களை வெட்ட வேண்டும். தோட்டத்தை நிர்வகிக்கிற தொரையிடம் போனாள். அவர் தேத்தண்ணீர் கொடுத்து, பால் வடிகிற மரத்தை வெட்ட முடியாது என்று இனிமையாகச் சொன்னார். நடுவில் போனால்தான் தனக்கும் நல்லது என்றார். மின்பாதையின் கீழே குடியிருக்கச் சட்டம் இடம் கொடுக்காது, ஆகவே அந்தச் சனம் மேட்டில் ஏறாமல் பார்த்துக்கொள்கிற வேலை தனக்கு மிச்சம் என்று சிரித்தார். அவளுடைய மேலதிகாரியிடம் போனாள். நம்முடைய வேலை போஸ்ட், வீடு இல்லை என்றார் அவர். மழைக்கு முன்னால் லைன் எழும்பி நிற்க வேண்டும், வரைபடத்தை மாற்ற நேரமில்லை. கஜந்தினி வாதாடினாள், அடுத்த கூட்டத்திலும் வாதாடினாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைவிடக் களைப்புப் பெரிதாக இருந்தது.

கல்லில் குழி தோண்ட ஆள் தேவைப்பட்டது. தோட்டத்து ஆட்களையே கூலிக்கு எடுத்தார்கள். தங்கள் வீடு வரும் என்று மஞ்சள் பூசிய இடங்களை அவர்களே அலவாங்கால் தோண்டினார்கள். இலட்சுமியும் வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் போலக் கஜந்தினிக்கும் வெறுந்தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

லைன் எழும்பியது. கீழே நிற்கவோ கட்டவோ கூடாது என்று போஸ்டுக்குப் போஸ்ட் எச்சரிக்கைப் பலகை தொங்கியது. சனம் லயத்திலேயே இருந்துவிட்டது.

வைகாசியில் மழை பிடித்தது. நாலாம் நாள் விடியும்போது அலுவலகத்துக் கட்டுப்பாட்டறைத் திரையில் மாவட்டமே சிவப்பாகக் கிடந்தது. எல்லா லைனும் விழுந்துவிட்டது. பச்சையாக ஒன்றே ஒன்று, மொட்டைமேட்டு லைன். மேலதிகாரி அவளுக்குக் கைகொடுத்தார். பின்னேரம் கொழும்பில் இருந்து பெரியவர்கள் வருகிறார்கள், இதைத்தான் காட்டப் போகிறோம் என்றார். கண் எரிய எரிய அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய்.

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. இலட்சுமி. குழி தோண்டிய நாட்களில் கஜந்தினி கொடுத்த நம்பருக்கு எடுத்திருந்தாள். காற்றும் மழையும் சேர்ந்து இரைந்தன.

"மிஸ், கரண்டு இருக்குதுங்க."

"தெரியும், இலட்சுமி."

"அத கொஞ்சம் நிப்பாட்டணுங்க."

கஜந்தினி எழுந்து நின்றாள். இலட்சுமி சொல்லச் சொல்லத்தான் விசயம் விளங்கியது. விடிகிற வெள்ளாப்பில் மலை முறுமுறுத்திருக்கிறது. எல்லோரும் பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் லயம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. ரோடும் போய்விட்டது, யாரும் வந்து கூட்டிப் போகவும் வழியில்லை.

"ஆக்கள் எல்லாரும் இருக்கினமா?"

"எல்லாரும் இருக்கோங்க. மாடு ஒண்ணுதான் போச்சு. உங்க போஸ்ட்டுக்கு அடியிலதான் நிக்கிறோம், வேற எடமில்ல. புள்ளைக நனையுதுங்க மிஸ். மழைக்கு மறைப்பா போஸ்ட்டுல படங்கு கட்டணும். மேல கம்பி ஓடுது, தொட பயமா இருக்கு. நிக்கவே கூடாதுன்னு வேற போர்டு போட்டிருக்கீங்க."

கஜந்தினி மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் பாவம் என்றார். பிறகு, பெரியவர்கள் வந்து போகிற வரைக்கும் பொறுக்கச் சொன்னார். தொழிற்சாலையும் பசாரும் அந்த ஒரு லைனில்தான் உயிரோடு இருக்கின்றன, இருப்பது ஒன்று, அதையும் அணைப்பதா என்றார். அவர் கேட்டதிலும் பிழையில்லை. இந்த லைன் அணையக் கூடாது என்றுதானே அவள் ஒரு வருசமாக உயிரைக் கொடுத்தாள். திரும்பி வந்து ரிப்கானின் கதிரைக்குப் பின்னால் நின்றாள்.

"ஓஃப் பண்ணுங்கோ ரிப்கான்."

ரிப்கான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ர பேரில பண்ணுங்கோ. நான் எழுதித் தாறன்."

அவர் சுவிட்சைத் துண்டித்தார். திரையில் இருந்த கடைசிப் பச்சையும் சிவப்பானது. கஜந்தினி கைப்பேசியில், இப்போது கட்டலாம் என்றாள். மறுபக்கம் இலட்சுமி யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிடுவதும், படங்கு காற்றில் அடித்துக்கொள்வதும், பிள்ளைகள் அழுவதும் கேட்டன. கொஞ்ச நேரம் கழித்து இலட்சுமி மறுபடி பேச வந்தாள். எப்போது மின்சாரத்தைத் திரும்ப விடுவீர்கள், தெரிந்தால் ஆட்களுக்குச் சொல்லி வைக்கலாம் என்று கேட்டாள்.

"நீங்கள் எல்லாரும் இறங்கின பிறகு," என்றாள் கஜந்தினி, வாய்க்கு வந்தபடி.

"எறங்கிப் போக கீழ ஒண்ணும் இல்லயேங்க மிஸ்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் சொன்னாள். கஜந்தினி கதிரையில் உட்கார்ந்தாள். ஒரு தாளை இழுத்து, மொட்டைமேட்டுப் பாதையின் கீழே சனம் குடியிருக்கிறது, சட்டப்படி அதில் மின்சாரம் விட முடியாது என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். எவ்வளவு நாளைக்கு என்று ரிப்கான் கேட்டார். தெரியாது என்றாள்.

தொழிற்சாலை நின்றிருக்கும். இன்னும் சற்று நேரத்தில் தொரை அவளுக்கு அழைப்பு எடுப்பார். எடுக்கட்டும்.