ஒழுகாத குழாய்

பிளம்பருக்குப் படம் என்றாலே தூக்கம். தன் கல்யாண வீடியோவையே மனுஷர் பத்து நிமிடத்துக்கு மேல் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் மகளோடு பந்தயத்துக்குச் சம்மதித்தார்.

மகளுக்கு அனிமேஷன் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெளியூர், நாலு வருஷம் விடுதியில் இருக்கவேண்டும். கடிதம் வந்த நாளிலிருந்து, வேலை முடிந்து வந்ததும் இவர் வீட்டு சிங்க்குக்கு அடியில் புகுந்துகொள்வார்.

"ஒழுகாத குழாய்க்கு எதுக்குங்க இவ்வளவு வைத்தியம்?" என்று மனைவி கேட்டால், "உனக்குத் தெரியாது, உள்ளுக்குள்ள கசியுது" என்று அடியிலிருந்து குரல் மட்டும் வரும். தலையை வெளியே நீட்டினால், "பொம்மை போடறதெல்லாம் ஒரு படிப்பா?" என்பார்.

மகள் லேசில் விடுகிற ஆளில்லை. "ஒரே ஒரு ஜப்பான் அனிமேஷன் படம் பாருங்கப்பா. குடும்பக் கதைதான். நீங்க தூங்கிட்டா நான் பக்கத்துக் காலேஜ்லயே சேர்ந்துடறேன். முழுசாப் பார்த்துட்டா, அனிமேஷன் காலேஜ் படிவத்துல கையெழுத்துப் போடணும்."

ஞாயிறு மதியம், ஜெயித்தே தீருவது என்று சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு, சோபாவில் காலை நீட்டினார். மனைவியும் வந்து உட்கார்ந்தாள். படத்தில் மழை பெய்தது. ஒரு பூனை அவசரமே இல்லாமல் தெருவைக் கடந்தது. இவருக்குக் கண் சொருகியது. பக்கத்தில் மகள் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.

அப்போது படத்தில் ஒரு அப்பா வந்து பையைத் திறந்தார். அவரும் பிளம்பர்! வெள்ளை டேப்பை எடுத்துக் குழாயின் மரையில் சுற்றினார். நம்மவர் விருட்டென்று நிமிர்ந்தார்.

"ஏய், சரியான பக்கம் சுத்தறான்டி!"

மாற்றிச் சுற்றினால் திருகும்போதே டேப் பிரிந்துவிடும். இவரிடம் வேலை பழக வரும் பையன்களே இதைக் கோட்டை விடுவார்கள். யாரோ ஒருவர் இவரை மாதிரி ஒரு ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார். அதற்கப்புறம் தூக்கமாவது ஒன்றாவது! கீழே ஓடிய ஆங்கில வரிகளை மகள் தமிழில் சொல்லச் சொல்ல, கண்கொட்டாமல் பார்த்தார்.

கடைசியில் படத்துப் பெண் வேலை கிடைத்து வெளியூர் கிளம்பினாள். அவள் பெட்டியோடு வாசலில் நிற்க, அவளுடைய அப்பா சிங்க்குக்கு அடியில் புகுந்துகொண்டார்.

"பொண்ணு கிளம்பற நேரத்துல இவரு எதுக்குப்பா ரிப்பேர் பண்றாரு?"

"குழாய்க்கு ஒண்ணுமில்லடி. மூஞ்சியை மறைக்கப் போயிருக்கான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மனைவி சமையலறை சிங்க்கை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்தாள். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். புகுந்துகொள்ளப் பக்கத்தில் எதுவும் இல்லாததால், அவர் இரண்டு பேர் முன்னாலேயும் அழுதார். அழுது முடித்ததும் மனசு லேசாக இருந்தது.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. மகள் ரிமோட்டை எடுத்தாள்.

"நிறுத்தாத. இத்தனை பேரா வரைஞ்சாங்க?"

"ஆமாப்பா."

"இதுல டேப் சுத்தினவன் யாரு?"

"ஜப்பான் எழுத்துப்பா, எனக்கும் படிக்கத் தெரியாது."

அவர் படிவத்தை வாங்கி, பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

"உன் பேரு வரும்போது மட்டும் தமிழ்ல போடச் சொல்லு. நான் படிக்கணும்."