அப்பா கணக்கில் நான்

வேதியியல் படித்தவள் அரசியல் அறிவியலில் எம்.ஏ. சேர நுழைவுத் தேர்வு எழுதுகிறாள் என்றால் எங்கள் ஊரில் இரண்டு கேள்வி கேட்பார்கள். எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா? எந்தக் கட்சி? இரண்டுக்கும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். அது எனக்கு வராது.

எனக்கும் சேர்த்துப் பேச ரேணுகா இருந்தாள். பக்கத்து வீடு. காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். நான் அங்கே நூலகத்தில் உட்கார்ந்து படிப்பேன். காலையில் இருவருக்கும் ஒரே பஸ். என் போனைப் பிடுங்கி, அதில் இருக்கும் பழைய வினாத்தாளை பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசிப்பாள்.

“இறையாண்மை யாருகிட்ட இருக்கு?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுப்பதற்குள் கண்டக்டர் சொன்னார். “இந்த வண்டியில டிரைவர்கிட்ட.”

“தப்பு. உங்களுக்கு மைனஸ் மார்க்,” என்றாள் ரேணுகா.

இரண்டு மாதத்தில் அந்த பஸ்ஸில் பாதிப் பேருக்கு மேலவை கீழவை வித்தியாசம் தெரிந்துவிட்டது.

அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “இந்த ஒரு தடவ எழுதிக்கத்தா. கிடைக்கலைன்னா பி.எட். சேந்துரணும்.” அம்மா பி.எட். கல்லூரியில் விசாரித்தும் வைத்துவிட்டாள். வகுப்பில் நின்று பாடம் எடுத்தால் என் குரல் முதல் பெஞ்சைத் தாண்டாது. அதைவிட, உப்பும் அமிலமும் எப்படி நடந்துகொள்ளும் என்று மூன்று வருடம் படித்தாயிற்று. மனிதர்கள் கூட்டமாகச் சேர்ந்தால் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று படிக்க ஆசை.

பங்குனியில் எங்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரில் உள்ளவர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ராத்திரி படுக்க ஊருக்கு வந்துவிட வேண்டும். மதுரையில் தேர்வு என்றால் விடியற்காலையில் கிளம்பிப் போய்விடலாம் என்று நிம்மதியாக இருந்தேன். தேர்வுக்கு நான்கு ஊர் கேட்டிருந்தார்கள். மதுரையை முதலில் போட்டிருந்தேன். நாலாவது ஊரைச் சும்மா நிரப்பினேன்.

காப்புக் கட்டிய மறுநாள் விவரம் வந்தது. கோயம்புத்தூர். காலைத் தேர்வு. முந்தின நாளே போய்த் தங்காமல் முடியாது.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். ஆண்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் மடப்பள்ளிச் சுவரோரம் நின்றோம். அப்பா எழுந்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் ஒரு ராத்திரி வெளியூரில் தங்க அனுமதி கேட்டார்.

அம்பலம் முத்தப்பன் பெரியப்பாதான் ஊருக்குத் தலைவர். “காப்புக் கட்டியாச்சே பொன்னழகு. போன வருசம் என் மச்சான் சாவுக்குப் போன நானே ராவோட ராவா திரும்பி வரலையா? பிள்ளை அடுத்த வருசம் எழுதட்டும்,” என்றார்.

அப்பா உட்கார்ந்துவிட்டார். எனக்கு பி.எட். கல்லூரியின் கேட் கண்ணில் தெரிந்தது. ரேணுகாவின் காதில் ஒன்று சொன்னேன்.

“அம்பலத்தாரே!” என்று கத்தினாள். “இந்தக் கட்டுப்பாடு யாருக்கு?”

“யாருடி அது? ஊருக்குத்தான்.”

மறுபடி அவள் காதில் சொன்னேன்.

“ஊருன்னா யாரு?”

“வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு, எல்லாஞ் சேந்தா ஊரு. இதென்ன கேள்வி?”

“அப்ப யோகலட்சுமி ஒரு தலைக்கட்டா?” என்று என்னைக் காட்டினாள்.

பந்தலில் சிரிப்பு. “கல்யாணமாகாத பிள்ளை எப்படிடி தலைக்கட்டாகும்? அவ பொன்னழகு கணக்கு.”

அடுத்ததையும் காதில் சொன்னேன். ரேணுகா முழித்தாள். “எனக்குப் புரியல. நீயே சொல்லு,” என்று ஒதுங்கி நின்றுகொண்டாள். அவள் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது நான் மட்டும் நின்றேன்.

“பெரியப்பா...”

“கேக்கலத்தா!”

“அப்பா கூட்டத்துல கை தூக்குனா, நானும் தூக்குன மாதிரின்னு சொல்றீக.”

“ஆமா.”

“அப்ப அப்பா ஊர்ல படுத்திருந்தா, நானும் படுத்திருந்த மாதிரிதானே?”

பெரியப்பா துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் மைக் செட்டைப் பார்த்தார்கள்.

அம்மா சுவரை விட்டு முன்னால் வந்தாள். “நானும் அவுக கணக்குதான். பிள்ளைக்குத் துணையா நான் போறேன்.”

“அப்ப மூணு பேருக்கும் சேத்து நான் ஒருத்தனே படுக்கணும்,” என்றார் அப்பா. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“போயிட்டு வாங்க. ஆனா இதையே எல்லாரும் பிடிச்சுக்கக் கூடாது.”

கோயம்புத்தூரில் கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேள்வியையும் மனதுக்குள் ரேணுகாவின் குரலில் படித்தேன். தெரியாததை விட்டுவிட்டேன், கண்டக்டர் மாதிரி மைனஸ் வாங்கவில்லை.

மாலை விளக்கு வைக்கிற நேரம் ஊரில் இறங்கினோம். பஸ் நிறுத்தத்தில் அப்பா நின்றார். ரேணுகா நின்றாள். அம்பலம் பெரியப்பாவும் நின்றார், பஸ்ஸிலிருந்து வேறு யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு.

“வேற யாரும் வரலையா?”

ரேணுகா என்னை ஒதுக்கிக் கூட்டிப்போனாள். நாங்கள் கிளம்பியதும் பெரியப்பாவின் மகள் சித்ராவே பையைத் தூக்கியிருக்கிறாள், திருப்பூரில் தோழி வீட்டுக்கு. கேட்டதற்கு, “நான் உங்க கணக்குதானப்பா,” என்றாளாம். அதைப் பார்த்து ஊர் மருமகள்கள் அம்மா வீட்டுக்கு, கல்யாணமாகாத பிள்ளைகள் மதுரைக்கு. நாளைக்கு முளைப்பாரி எடுக்க வேண்டும். பாரி வளர்ந்து நிற்கிறது, தலையில் வைத்துத் தூக்க வேண்டிய பெண்களில் பாதிப் பேர் ஊரில் இல்லை.

“முளைப்பாரிய யார்தான் எடுக்குறது?” என்றார் பெரியப்பா பொதுவாக.

“ஆம்பளைகளே எடுங்க,” என்றாள் ரேணுகா. “பொண்டாட்டி கணக்குல.”

பெரியப்பா அவளை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். “போன் போட்டு எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன். காலையில கூட்டம். பொம்பளைகளும் பந்தலுக்குள்ள வந்து உக்காரணும், இந்தக் கணக்கப் பேசித் தீத்துருவோம். நீ முன்னால உக்காரு.”

தேர்வைவிட இது பயமாக இருந்தது.

அப்பா என் பையை வாங்கிக்கொண்டார். “பரீட்சை எப்படித்தா?”

“நல்லா எழுதியிருக்கேன்ப்பா,” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது போல. முன்னால் போய்க்கொண்டிருந்த பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.