தோள் கொடுப்போம்

"ஏங்க, இதுல கொடி தலைகீழா இருக்கு" என்றாள் மனைவி, காய் நறுக்கிய கத்தியோடு வந்து எட்டிப் பார்த்து.

"தலைகீழா இருந்தா என்ன, இலவசமா இருக்கே" என்றார் கார்டு சார். ஆனாலும் நாட்டின் மானத்தை உத்தேசித்து செல்போனில் அடுத்த வாழ்த்துக் கார்டுக்கு நகர்ந்தார்.

குடிநீர் அலுவலகத்தில் அவருக்குத் தபால் பிரிவு. வருவதைப் படிக்காமலேயே அனுப்பிவைப்பதில் கைதேர்ந்தவர். பண்டிகையோ பிறந்தநாளோ, முதல் வாழ்த்து அவருடைய செல்போனிலிருந்துதான் கிளம்பும். அதனால்தான் அந்தப் பெயர். நாளை சுதந்திர தினம். மாலையில் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் தேட உட்கார்ந்துவிட்டார். பணம் கட்டினால்தான் இறங்கும் கார்டுகளை அவர் தேசத்துரோகமாகவே கருதினார்.

இலவசக் கார்டில் ஒரு தொல்லை உண்டு. படத்தின் குறுக்கே அந்த இணையதளத்தின் பெயர் ஓடும். ஒருவழியாக அவருக்குப் பிடித்த கார்டு கிடைத்தது. மலை உச்சியில் ஒரு வீரர், கையில் கொடி, தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் 'தோள் கொடுப்போம்!' தளத்தின் பெயர் நல்லவேளையாக வீரரின் முழங்காலுக்குக் கீழேதான் ஓடியது. கார்டு சார் காலை வெட்டிவிட்டார்.

அப்போது திரையின் மேல்பக்கம் ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. அண்ணனிடமிருந்து. வெட்டுகிற வேலையில் இருந்தவர் அதை விரலால் மேலே தள்ளிவிட்டு, கார்டின் அடியில் 'உங்கள் பெயர் இங்கே' என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு, எல்லோருக்கும் ஒரே தட்டில் அனுப்பினார்.

"அப்பாடா, முடிஞ்சுது."

"போர்லயே ஜெயிச்ச மாதிரிதான்" என்றாள் மனைவி.

மறுநாள் விடுமுறை. பதில் கும்பிடுகள் வந்து குவிந்தன. அவற்றுக்குப் பதில் கும்பிடு போட்டுப் போட்டு மத்தியானம் அவருக்குக் கட்டைவிரல் வலித்தது. தன் தங்கையிடம் பேச அவருடைய போனை எடுத்த மனைவி, பேசாமல் அப்படியே நின்றாள்.

"நேத்து உங்க அண்ணன் என்ன கேட்டிருக்காருன்னு பாத்தீங்களா?"

"என்னவாம்?"

அவள் படித்தாள். "தம்பி, மைதானத்துல இந்த வருஷம் என்னைக் கொடியேத்தக் கூப்பிட்டிருக்காங்க. காலையில வந்து தோள் குடுப்பியா? படி மட்டும்தான். கீழ வண்டி சொல்லிட்டேன்."

"இப்பதான் கேக்கறேன். நான் பதிலே போடலையே!"

"போட்டிருக்கீங்க. அதுக்குக் கீழயே இருக்கு. தோள் கொடுப்போம்னு. உங்க பேரோட."

கார்டு சார் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மனைவியும் கூடவே கிளம்பினாள்.

எல்லைச் சண்டையில் ஒரு காலை விட்டுவிட்டு வந்தவர் அண்ணன். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லை. குறைந்த வாடகைக்கு அகப்பட்ட மாடி வீட்டில் தனியாக இருந்தார். அந்தச் செங்குத்துப் படியில் ஏற அவருக்கு ஊன்றுகோல் போதும். இறங்கத்தான் ஆள் வேண்டும்.

இவர்கள் போனபோது அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பழைய ராணுவச் சட்டை, கத்தி முனை மாதிரி இஸ்திரி. மார்பில் பதக்கம். ஒற்றைக் காலில் பளபளவென்று பூட்ஸ்.

"வாடா. வாம்மா. வேலை வந்துடுச்சாடா? நெனச்சேன். இல்லன்னா நீ சொல்லிட்டு வராம இருக்க மாட்டியே."

"அண்ணே, ஒரு போன் பண்ணியிருக்கலாமே..."

"நீதான் வர்றேன்னுட்டியே, அப்புறம் எதுக்கு நச்சரிக்கணும்? எதிர்வீட்டுக்காரர்கூட எறக்கி விடறேன்னார். என் தம்பி வர்றான், நீங்க கெளம்புங்கன்னு சொல்லிட்டேன்."

"அப்ப கொடி?"

"பாவம், அவங்களும் ரொம்ப நேரம் பாத்தாங்க. கடைசியில பந்தல் போட்டவரை விட்டு ஏத்திட்டாங்க. பாட்டு இங்க வரைக்கும் கேட்டுச்சு. ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னேன்."

அண்ணனே பேச்சை மாற்றப் போனை எடுத்து, அந்தக் கார்டைக் காட்டினார்.

"இதுல இருக்கறவனுக்கும் கால் இல்ல பாத்தியா? எனக்குன்னே தேடிப் புடிச்சியாடா?" என்று சிரித்தார். "நல்லாருக்கு. அழிக்காம வெச்சிருக்கேன்."

கார்டு சார் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம் விடுடா. எங்க போயிடப் போறேன்?"

அடுத்த வருஷம் வரை அண்ணனின் நெஞ்சு தாங்கவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டார். அந்தப் படியில் அண்ணனுக்குக் கார்டு சார் தோள் கொடுத்தது அன்றைக்குத்தான். செங்குத்துப் படி, குறுகலான வளைவு, ஒரு பக்கமாகவே சாய்ந்த பாரம். அன்றைக்கு இறங்க அண்ணனுக்கு ஊன்றுகோல் தேவைப்படவில்லை.

மறுபடி சுதந்திர தினம் வந்து போனது. அலுவலகத்தில் யாருக்கும் அவருடைய வாழ்த்து வரவில்லை. "என்ன சார், கடை மூடிட்டீங்களா? இலவசக் கார்டு தீந்துபோச்சா?" என்று மறுநாள் கிண்டலடித்தார் பக்கத்து மேசைக்காரர்.

கார்டு சார் தபால் கட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"கார்டு கொட்டிக் கிடக்கு சார். அனுப்பறதுக்கு முன்னாடி அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. படிச்சத, வீட்டுல இருக்கற ஒருத்தருக்காவது செய்ங்க. செஞ்சிட்டீங்கன்னா அப்புறம் கார்டே அனுப்ப வேண்டியதில்ல."

சொல்லிவிட்டு அடுத்த தபாலைக் கையில் எடுத்தார். பிரித்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.