ரப்பர் ஆசிட்டும் சூரை ஊறுகாயும்

தேங்காய்ப்பட்டணத்து லீமா போடும் சூரை மீன் ஊறுகாய் மஸ்கட் வரைக்கும் போயிருக்கிறது. குலசேகரத்துக்குள் நுழையத்தான் இவ்வளவு பாடு! அந்த ஊர் ரப்பர் தோட்டக்காரர் தேவகுமார், மகள் கல்யாணத்துக்கு அறுபது கிலோ வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அது கைக்கு வந்தால், விடிந்தது முதல் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரிக்கிற கம்பெனி வேலைக்கு அவள் ஒரு கும்பிடு போட்டுவிடலாம். பாவம், விரலெல்லாம் புண்.

வீடு தேடி வந்த லீமாவிடம் மாதிரிக் குப்பியை வாங்கிய தேவகுமார் ருசி பார்க்கவில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தார். மனுஷன் முகம் மாறிப்போனது.

“இதில அசிட்டிக் ஆசிட் எண்ணு போட்டிருக்கே, மக்கா?”

“வினிகர் சேர்த்தா அப்பிடித்தான் எழுதணும், அண்ணாச்சி. கெட்டுப்போகாம இருக்கதுக்கு.”

“நல்ல கதை! முப்பது வருஷமா ரப்பர் பாலில நான் ஊத்துற ஆசிட்டாக்கும் இது. பாலு அப்பிடியே கட்டியாயிரும், கேட்டியா? கல்யாணத்துக்கு வந்தவனுக்க வயித்தில ரப்பர் ஷீட் அடிக்கவா?”

லீமாவுக்கு எரிச்சலாக வந்தது. லேபிளே ஒட்டாமல் வந்திருந்தால் இந்நேரம் நக்கிச் சாப்பிட்டு முடித்திருப்பார். உண்மையை எழுதினது வினையாகிவிட்டது.

உள்ளே பீஃப் வறுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சத்தியபாய்க்குப் பொறுக்கவில்லை. அடுக்களையிலிருந்து வினிகர் குப்பியைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“ஞாயித்துக்கிழமை தோறும் உள்ளி நறுக்கி இதைத்தானே ஊத்தித் தின்னுதிய? இதையும் படியுங்க.”

படித்தார். அதே அசிட்டிக் ஆசிட்! நூற்றுக்கு நாலு பங்குதான், மிச்சம் தண்ணீர்.

“தோட்டத்தில உள்ளதைக் குடிச்சா குடல் வெந்திரும், அண்ணாச்சி. இது சாப்பாட்டுக்குண்ணே சுத்தமாச் செய்து, தண்ணி கலந்து வாறது. நானும் அளந்தாக்கும் ஊத்துவேன்,” என்றாள் லீமா.

தேவகுமார் ஊறுகாயை ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு விரல். முகம் மலர்ந்துவிட்டது. அதோடு மனுஷனுக்குத் தாராளமும் பொங்கிவிட்டது, அதுதான் வம்பு.

“பின்ன எதுக்கு வினிகர் வாங்குத? நம்ம ஷெட்டில ஒரு கேன் ஆசிட் முழுசாக் கிடக்கு. தண்ணி கலந்து ஊத்து. அறுபது இல்ல, நூறு கிலோ போடு. கிறிஸ்மஸ் ஆர்டரும் உனக்குத்தான்.”

நூறு கிலோ! ஒரு தலையாட்டினால் போதும். லீமா ஆட்டவில்லை.

“அது ரப்பருக்குள்ளது. அதில வேற என்னென்ன கிடக்குண்ணு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை ஊத்தி எனக்க பேரை ஒட்ட மாட்டேன். அதைத்தான் ஊத்தணும்ண்ணா இந்த ஆர்டரே வேண்டாம்.”

ஊறுகாய்க் குப்பியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. திங்கட்கிழமை மறுபடியும் இறால்தான்.

கேட்டைத் திறக்கும்போது தேவகுமார் வெறுங்காலோடு ஓடிவந்தார்.

“ஏட்டி, நில்லு! அந்தக் கேனில வெந்த கை படம் போட்டிருக்கு. தினம் பாத்தும் எனக்கு உறைக்கல்ல பாரு.” மூச்சு வாங்கினார். “நூறு கிலோ. உனக்க வினிகர்தான். எனக்கே விட்டுக்கொடுக்காதவ, எனக்க ஆளுகளுக்குக் கேடு செய்ய மாட்ட. இப்போ அந்தக் குப்பியைத் தா, பீஃப் ஆறுது.”

அழுதுகொண்டிருந்த லீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குப்பியை அவர் கையில் கொடுத்தாள். கேட்டருகே நின்றபடியே இறால் கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள்.

“சாரே, திங்கட்கிழமை எனக்க இடத்துக்கு வேற ஆளைப் பாருங்க.”