ஒன்பது வருஷமாகப் பதினைந்து

மூத்தவளுக்குப் பதினைந்து வயதாகி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. நோய் நொடி ஒன்றுமில்லை, படிவத்தில் அப்படி எழுதியிருந்தது, அவ்வளவுதான். உயர்நிலைப் பள்ளியின் சிறப்புப் பிரிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருஷத்துக்கு ஒருமுறை தனித்திட்டப் படிவம் நிரப்ப வேண்டும். குமாஸ்தா போன வருஷத்துப் படிவத்தை எதிரே வைத்துக்கொண்டு, தேதியை மட்டும் மாற்றி, மிச்சத்தை ஈயடிச்சான் காப்பி அடிப்பார். வயது: பதினைந்து. இலக்கு: பொத்தான்களை நிறவாரியாகக் கிண்ணங்களில் பிரித்தல். நிலை: எட்டப்படவில்லை. ஆபீஸ் தாள் சொன்னால் உடம்பு கேட்டுத்தானே ஆகவேண்டும்? அவள் உடம்பும் கேட்டது. அதே உயரம், அதே செருப்பு அளவு, நெற்றியில் அதே ஒற்றைப் பரு. பொத்தான்களுக்குத்தான் பொறுமை போய்விட்டது. ஐந்தாவது வருஷத்திலிருந்து, அவள் கிண்ணத்தை எடுத்து வைத்தாலே அவை தாமாக எழுந்து நிறம் பார்த்துப் போய் விழுந்துகொண்டன. "அதுவா போகுது, இவ பிரிக்கலையே" என்று சிறப்பாசிரியை மறுபடியும் எட்டப்படவில்லை என்றே குறித்தார்.

வீட்டில் இதனால் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை, முறைவைத்துப் பேசுவதில்தான் கொஞ்சம் குழப்பம். மூன்று வருஷம் கழித்துப் பிறந்த இளையவள் அக்காவை எட்டிப் பிடித்தாள், தாண்டினாள், படித்து முடித்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கும் போய்விட்டாள். பஸ்ஸில் யாராவது "உன் தங்கச்சியாம்மா?" என்று கேட்டால், "இல்லங்க, எங்க அக்கா" என்பாள். கேட்டவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மூத்தவள் எதற்கும் பத்து நிமிஷம் கழித்தே பதில் சொல்லுவாள். பதில் தப்பாக இருந்ததில்லை, ஆனால் அதற்குள் கேட்டவர் எழுந்து போயிருப்பார். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வகுப்புக்கு எதிரே, நடைபாதையின் அந்தப் பக்கம், புத்தகம் கட்டும் பயிற்சி அறை. பசை வாசனை, ஊசி, நூல், அட்டை வெட்டும் கத்தி. பதினாறு ஆனவர்களுக்குத்தான் அனுமதி. ஒன்பது வருஷமாக அந்தக் கதவின் கண்ணாடியில் நெற்றியை வைத்து அவள் பார்த்துக்கொண்டே இருந்ததில், கண்ணாடியில் அவள் பரு அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது.

அம்மாவுக்கு ஜெராக்ஸ் கடை. "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு" என்று குமாஸ்தா விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டுக் கொடுத்தவள்தான். பிள்ளை வளராதது அவள் ஜாதகம் என்றே நம்பியிருந்தாள். இந்த வருஷம் பள்ளி ஆபீஸ் மிஷின் படுத்துவிட, மகளின் ஃபைல் அவள் கடைக்கே நகலெடுக்க வந்தது. ஒன்பது படிவங்களையும் கண்ணாடியில் வைத்து அடித்தபோதுதான் பார்த்தாள்: எழுத்துப் பிழைகூட மாறவில்லை. அச்சு அசலாக நகலெடுப்பதில் தன் மிஷின்தான் கெட்டிக்காரி என்று அதுவரை நினைத்திருந்தாள், பாவம். கடையைச் சாத்திவிட்டு மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள்.

"தப்பு ஒண்ணும் இல்லையேம்மா. போன வருஷம் இருந்ததைத்தானே போட்டிருக்கேன்" என்றார் குமாஸ்தா. அதிகாரி அம்மாள் பெருந்தன்மையானவர். "திருத்திட்டாப் போச்சு. பிறந்த தேதிப்படி இருபத்தி நாலு. ஆனா இருபத்தி ஒண்ணு தாண்டினா பயிற்சியில சேர்க்க விதி இல்ல. முடிச்சதா சர்டிஃபிகேட் வேணா தந்துடறோம்." அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உள்ளயே விடாத பயிற்சிய என் பொண்ணு எப்ப மேடம் முடிச்சா?" அதிகாரி மூத்தவளிடம் திரும்பி, "நீ என்னம்மா சொல்ற?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டுவிட்டு, வேறு ஃபைலைப் புரட்டினார். அம்மா பத்து நிமிஷம் வாதாடினாள், கெஞ்சினாள், கடைசியில் அழுதாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. இருபத்தி நாலு போடுவதற்காகக் குமாஸ்தா பதினைந்தை அடித்துவிட்டு '2' என்று எழுதினார், அடுத்த எண்ணை எழுதுவதற்குள் ஒரு தும்மல் வந்தது. நாற்காலியில் இரண்டு வயதுக் குழந்தை விரல் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "அடப்பாவி, கையை எடுய்யா!" என்று அம்மா பாய்ந்தாள். குமாஸ்தா பதறிப்போய் ஒயிட்னர் பூசினார். கட்டம் காலியானதும் மூத்தவளுக்கு வயதே இல்லாமல் போயிற்று. அதிகாரிக்கு அவள் பாப்பாவாகத் தெரிந்தாள், குமாஸ்தாவுக்குக் கிழவியாகத் தெரிந்தாள்.

"பதினாறு" என்றாள் மூத்தவள். அதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில். குமாஸ்தாவின் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஈரம் காயும்வரை ஊதி, கட்டத்துக்குள் ஒன்றும் ஆறும் எழுதினாள். சட்டைக் கையிலிருந்து மணிக்கட்டு ஒரு விரற்கடை வெளியே வந்தது, பரு மறைந்தது. குமாஸ்தா விதிப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை தேடினார். மாணவர் எழுதக்கூடாது என்று எங்கும் இல்லை. அவர்களுக்கு எழுத வரும் என்று விதி எழுதியவர்கள் கனவிலும் நினைக்கவில்லை போலும். கட்டம் நிரம்பியிருந்தது, நிரம்பிய கட்டத்துக்கு முத்திரை குத்தத்தானே சம்பளம்? குத்தினார். மூத்தவள் நன்றிகூடச் சொல்லாமல் நடைபாதையைக் கடந்து போய், கதவைத் தள்ளி, ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்துவிட்டாள். அம்மா வெளியே நின்று விக்கி விக்கி அழுதாள், சந்தோஷம்தான்.

அடுத்த வருஷம் படிவ நாளன்று தனியாகவே வந்து பதினேழு என்று எழுதினாள். அவளுக்குப் பின்னால் சிறப்புப் பிரிவு முழுக்க வரிசையில் நின்றது. பன்னிரண்டு வருஷமாகப் பதினாலில் நின்ற ஒருவன் பதினைந்து என்று எழுதிய நிமிஷம் குரல் உடைந்து "அப்பா" என்று கூப்பிட்டான். வெளி பெஞ்சில் இருந்த அவன் அப்பா யாரோ பெரிய ஆள் கூப்பிடுவதாக எண்ணி எழுந்து நின்றார். இப்போதெல்லாம் ஆபீஸில் இதற்கென்றே ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.