பதினோராவது ஆள்

ஹெல்யோவுக்குக் கட்சிக் கிளைத் தலைவர் பதவியை இன்றைக்குள் விட்டுத் தொலைத்தாக வேண்டும். திங்கட்கிழமை நீதிமன்றத்தில் பதிவாளராகச் சேர வேண்டும். ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. எந்தக் கட்சியிலும் பொறுப்பில் இல்லை என்று கடிதம் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

தாராளவாத நடுநிலைக் கட்சியின் ராக்வெரே ஊர்க் கிளை மொத்தமும் நூலக மாடியில் ஒரே மேஜையைச் சுற்றி அடங்கிவிடும். ஆனால் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்காமல் பழையவர் போக முடியாது. தேர்ந்தெடுக்கும்போது அறையில் பதினோரு பேர் இருந்தாக வேண்டும். முந்தைய தலைவர் பாதியில் கம்பி நீட்டியபோது ஆத்திரத்தில் இந்த விதியை எழுதியவள் சாட்சாத் ஹெல்யோவேதான். நாலு கூட்டம் கூட்டிப் பார்த்தாள். பத்துப் பேருக்கு மேல் வந்தபாடில்லை.

அதனால் இன்று, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்த உறுப்பினர் ஸால்மேயைப் பனியில் காரோட்டிப் போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஆளத் தூக்கிட்டு வந்து ஓட்டு வாங்குற கட்சியாயிட்டோமா?" என்று சிரித்தாள் ஸால்மே.

பதினோரு பேர்! ஹெல்யோவுக்கு அழுகையே வந்துவிட்டது. பல் டாக்டர் தாவியும் ஒருவழியாகத் தலைவர் பதவிக்கு நிற்கச் சம்மதித்தார்.

செயலாளர் எண்டெல் கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தாவி, கொஞ்சம் வெளிய நில்லுங்க. வேட்பாளர் எதிர்ல யாரும் கூச்சப்பட்டு ஓட்டுப் போடக் கூடாதுன்னு விதி."

தாவி கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார். எண்டெல் தலைகளை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"பத்து" என்றார்.

"கதவத் தொறந்து வையுங்க, அவர் வாசல்ல நிக்கட்டும்!" என்றாள் ஹெல்யோ.

"ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளியவா? அரை ஆளுன்னா எழுதறது?"

"அப்ப அந்த விதிய இன்னிக்கு மட்டும் விட்டுடுவோம்."

"திருத்தணும்னா ஒரு மாசம் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும்மா. அதுவும் நீ எழுதினதுதான். நாமளே மீறினா மத்த கட்சிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவராவது கத்தியிருந்தால், பதிலுக்குக் கத்திவிட்டுக் கதவை அறைந்துகொண்டு போயிருப்பாள். இவர்களோ பாசமாகப் பார்த்தார்கள். ஸால்மே மீன் வைத்த கறுப்பு ரொட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். ஹெல்யோவின் கைப்பையில் கடிதம் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

தாவி வெளியிலிருந்து கதவைத் தட்டினார். "என்னாச்சு? நான் ஜெயிச்சுட்டேனா?"

"இல்ல. ஹெல்யோவே தொடர்றாங்க" என்றார் எண்டெல்.

"அப்பாடா!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து மனதாரச் சொன்னார் தாவி. "வாழ்த்துகள், ஹெல்யோ!"

உள்ளே மற்ற எல்லோரும் கைதட்டினார்கள்.