ரஹீமோவின் மூடிய கை

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. என்ன பொய் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் தொடக்கம்: "உலகமயமாக்கல் தெத்துவான் நகரப் பெண்களின் விரல்களை..." [நிறுத்திவிட்டேன். கட்டுரைப் போட்டி மாதிரி இருக்கிறது.]

இரண்டாவது: ஹாலந்துக் கடலில் பிடித்த இறால் லாரியேறி மொராக்கோவுக்கு, எங்கள் ஊருக்கு, வருகிறது. பெண்கள் தோலுரிக்கிறார்கள். உரித்தது வந்த வழியே ஹாலந்துக்குத் திரும்புகிறது. அங்கே உரிக்கக் கூலி அதிகம்.* இதில் வர்ணிக்க ஒன்றுமில்லை. இதுவே இருக்கட்டும்.

*[எங்கள் மீன் சந்தையில் அந்த இறாலை நான் பார்த்ததே இல்லை.]

2

ரஹீமோ பதினொரு வருடமாக உரிக்கிறாள். புருஷன் ஸ்பெயினுக்குப் போனவன், போனவன்தான். மகள் கிஸ்லானுக்குச் சனிக்கிழமை கல்யாணம். முந்தின நாள் மாலை மருதாணி. திங்கட்கிழமை ஹாலந்துக் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள். மருதாணிக் கையோடு யாரும் வரக்கூடாது என்று மேற்பார்வையாளன் அப்தெஸ்லாம் புதன்கிழமை பலகையில் எழுதினான்.

"மருதாணி என்ன அழுக்கா, அப்தெஸ்லாம்?"

"எனக்குத் தெரியும்க்கா, அவனுங்களுக்குத் தெரியுமா? செவப்பா இருந்தா சொறின்னு நெனப்பானுங்க."

"எம் பொண்ணு கல்யாணம்ப்பா."

"நல்லா நடக்கட்டும். திங்கக்கிழமை வாசல்ல கையப் பாப்பேன். செவந்திருந்தா உன் எடத்துக்கு வெளிய பத்துப் பேர் நிக்கிறாங்க."

பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த சுஆத் தலை நிமிராமலே சொன்னாள்: "கால்ல வெச்சுக்கோக்கா. பூட்ஸுக்குள்ள எவன் எட்டிப் பாக்கப் போறான்?"

மேசையே சிரித்தது.

"சிரிங்கடி. வெறுங்கையோட நின்னா, எழவு வீட்டுக்காரின்னு சம்பந்தி வீட்ல சொல்லுவாளுங்க."

[அப்தெஸ்லாமை முதலில் வில்லனாக எழுதினேன். பொருந்தவில்லை. கையில் என்னென்ன இருக்கக்கூடாது என்று ஹாலந்திலிருந்து வந்த பட்டியலில் மோதிரம், நகச்சாயம், காயம் மட்டுமே இருந்தன. மருதாணியைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. இவன்தான் பயந்து சேர்த்தான். யாரும் போடாத கட்டளைக்கும் பணிகிறவன். அவனைத் திட்ட எனக்கு வாயில்லை. காரணம் அடுத்த பகுதியில்.]

3

நான் அங்கே இரவு முறையில் பெட்டி அடுக்கினேன். வெள்ளி காலை வேலை முடியும் நேரத்தில் நீலக் கையுறைப் பெட்டிகள் வந்து இறங்கின. மேலே ஒட்டியிருந்த தாளில், திங்கட்கிழமை எல்லோருக்கும் வாசலிலேயே மாட்டிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்றிருந்தது. மற்ற நாட்களில் கையுறை கிடையாது, உரிப்பது மெதுவாகிவிடும். கையுறைக்குள் மருதாணி யாருக்கும் தெரியாது. அப்தெஸ்லாம் அந்தத் தாளை இன்னும் பார்த்திருக்கவில்லை.

ரஹீமோ உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"என்ன தம்பி பெட்டில?"

"தெரியலக்கா."

தூக்கம் வந்தது. அவ்வளவுதான். முதல் வரைவில் என்னை உண்மை சொல்ல வைத்தேன். பிறகு அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

4

முடிவுகள்:

அ. திங்கட்கிழமை பார்வையிட வந்தவர் அவள் கையைப் பார்த்து "அழகு" என்கிறார். [அதற்காக அவர் அவ்வளவு தூரம் வரவில்லை.]

ஆ. காலில் மட்டும் வைத்துக்கொள்கிறாள். [சுஆதைத் தவிர யாருக்கும் திருப்தியில்லை.]

இ. வெள்ளி மாலை. மருதாணிக்காரி ஊசிக்குழலோடு எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

"கையக் குடும்மா. கொழச்சது காயுது."

"யம்மா, நடுவுல ஒரு பொட்டு போதும்," என்கிறாள் கிஸ்லான். அவள் இரண்டு கைகளும் மணிக்கட்டு தாண்டி நிறைந்திருக்கின்றன.

"பொட்டுன்னா மட்டும் செவக்காதாடி?"

ரஹீமோவின் கை மடியில், மூடியபடி. சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் அந்தக் கையை [

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையோடு வேலையிலிருந்து நின்றுவிட்டேன். ஊகித்து எழுதலாம். ஆனால் அவளிடம் ஏற்கெனவே ஒரு பொய் சொன்னவன் நான்.

கையுறை வருவது உங்களுக்கு இப்போது தெரியும். அந்த அறையில் யாருக்கும் தெரியாது. குழைத்தது இன்னும் காயவில்லை. உங்களுக்குத் தூக்கம் வரவில்லையென்றால், அவளிடம் சொல்லுங்கள்.